வாளியில் கலக்கிய மண்ணை அனுப்பலாமா?

கேள்வி, பிப்ரவரி 4

பழைய மனை ஒன்றில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். மனையின் ஒரு பக்கத்தில் முன்பு வண்டி பழுது பார்க்கும் பட்டறை இருந்ததாம். அந்த இடத்தில் காய்கறி போடலாம் என்று இருக்கிறேன், சின்னக் குழந்தையும் அங்கேதான் விளையாடும். மண்ணில் ரசாயனம் ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று, உர ஆய்வுக்கு எடுப்பதுபோலவே பத்து இடத்தில் வி வடிவக் குழி வெட்டி, எல்லாவற்றையும் வாளியில் கலக்கி, நான்காகப் பங்கிட்டுக் குறைத்து, அரைக் கிலோவைப் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருக்கிறேன். நாளைக்கே ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாமா? "எல்லா ரசாயனமும் பாருங்கள்" என்று எழுதினால் போதுமா?

பிப்ரவரி 4, இரவு

அனுப்பாதீர்கள். காசு வீண்.

"எல்லா ரசாயனமும்" என்று ஒரு பரிசோதனை கிடையாது. ஈயத்துக்கு ஒரு கருவி, பூச்சிக்கொல்லிக்கு வேறு கருவி, பெட்ரோலுக்கு இன்னொன்று. மண்ணை எடுக்கும் விதமும் அடைக்கும் பாத்திரமும்கூட ஒவ்வொன்றுக்கும் மாறும். ஆய்வகம் கேட்டதைத்தான் தேடும். கேட்காத பொருள் கொட்டிக் கிடந்தாலும் அறிக்கையில் ஒரு வரி வராது.

முதலில் அந்தப் பட்டறையைத் தெரிந்த பெரியவர்கள் யாராவது இருந்தால் பிடித்து உட்கார்ந்து பேசுங்கள். பழைய ஆயிலை எங்கே ஊற்றினார்கள், பேட்டரிகள் எங்கே கிடந்தன, எங்கே பெயின்ட் அடித்தார்கள், குப்பையை எந்த மூலையில் எரித்தார்கள், தரைக்கடியில் தொட்டி ஏதும் புதைத்தார்களா. பேசிவிட்டு வந்து ஒரு காகிதத்தில் மனையை வரைந்து குறியுங்கள். அதுவரை அந்தப் பையைத் தூக்கி ஓரமாக வையுங்கள்.

பிப்ரவரி 5

நேற்று அவசரத்தில் எழுதினேன். ஏன் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

உர ஆய்வுக்கு மண் எடுக்கும்போது என்ன சொல்லித் தருகிறார்கள்? வரப்போரம் எடுக்காதே, எருக்குவியல் கிடந்த இடத்தில் எடுக்காதே, மர நிழலில் எடுக்காதே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் எடுக்காதே. சரிதான், ஏனென்றால் விவசாயிக்கு வேண்டியது வயலின் சராசரி. அந்தச் சராசரிக்குத்தான் உரம் போடப் போகிறார்.

மாசு தேடுகிறவனுக்கு இது அப்படியே தலைகீழ். தவிர்க்கச் சொன்ன மாதிரியான இடங்கள்தான் நமக்கு வேண்டும். புல் முளைக்காத திட்டு, கறுத்துப் பிசுபிசுக்கும் மண், சாம்பல் கலந்த மூலை, கூரைத் தண்ணீர் சொட்டும் ஓரம், ஓடிவந்த மழைநீர் கடைசியில் தேங்கும் பள்ளம். வீட்டில் சாவி தொலைந்தால் எல்லா அறையையும் சமமாகவா தேடுகிறோம்?

கலக்குவதில் உள்ள வம்பைக் கணக்காகவே போடலாம். பத்துக் குழியில் ஒன்பதில் ஈயம் கிலோவுக்கு 30 மில்லிகிராம், பேட்டரி கிடந்த பத்தாவது குழியில் 1,500 என்று வையுங்கள். கலக்கினால் 177. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை குடியிருப்பு மண்ணுக்கு 400 என்று வைத்திருந்த ஈய அளவை 2024 ஜனவரியில் 200 ஆகக் குறைத்தது. அந்த 200-க்கும் கீழேதான் உங்கள் 177 நிற்கும். அறிக்கையைப் பார்த்து நிம்மதியாகத் தூங்குவீர்கள், குழந்தை பத்தாவது குழி இருந்த இடத்தில் உட்கார்ந்து மண் அளைந்துகொண்டிருக்கும்.

இன்னொரு குழப்பம். உர ஆய்வகத்தில் துத்தநாகம், செம்பு என்று எண் கொடுப்பார்களே, அது செடி எடுத்துக்கொள்ளக்கூடிய பங்கு. டிடிபிஏ என்ற மிதமான கரைசலில் கரைந்து வருவதை மட்டும் அளக்கிறார்கள். மாசு ஆய்வில் மண்ணை வீரியமான அமிலத்தில் போட்டுச் சூடேற்றி அளப்பார்கள். ஒரே மண்ணுக்கு முதலாவது 2 என்றும் இரண்டாவது 80 என்றும் சொல்லலாம். இரண்டும் சரி. முதல் எண்ணைக் கொண்டுபோய் மாசு வரம்போடு ஒப்பிட்டால்தான் தப்பு.

பிப்ரவரி 5, கொஞ்ச நேரம் கழித்து

கலப்பதே பாவம் என்று நான் சொன்னதாக ஒருவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை. ஒரு பகுதியின் சராசரிதான் உங்கள் கேள்வி என்றால், உதாரணமாகக் குழந்தை சுற்றித் திரியும் முற்றம் முழுவதும் சேர்ந்து எப்படி என்றால், கலப்பதுதான் நல்ல வழி. ஆனால் பத்துக் குழி போதாது. முப்பது முதல் நூறு இடங்கள் வரை, சமதூரத்தில், ஒரே ஆழத்தில், ஒவ்வொன்றிலும் ஒரே அளவு மண் என்று எடுக்கும் முறை ஒன்று இருக்கிறது. அதையே மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் புதிய இடங்களில் எடுத்து, மூன்று முடிவும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். முதுகு ஒடியும். நான் ஒரே ஒரு முறை செய்தேன், மறுநாள் படுக்கையை விட்டு எழவில்லை.

ஒரு சின்ன உபாயம். பத்து இடத்து மண்ணைச் சம அளவில் கலந்தால், வரம்பையும் பத்தால் வகுத்துப் பாருங்கள். வரம்பு 200 என்றால், கலவை 20-க்குக் கீழே வந்தால் எந்தத் தனிக் குழியும் 200-ஐத் தாண்டியிருக்க முடியாது. 20-க்கு மேல் வந்தால் எதுவும் சொல்ல முடியாது, தனித்தனியாகப் பார்க்க வேண்டியதுதான். சாதாரண மண்ணிலேயே ஈயம் 20 இருக்கும் என்பதால் ஈயத்துக்கு இது பெரும்பாலும் உதவாது. மண்ணில் இயல்பாக இல்லாத பொருளுக்கு, பூச்சிக்கொல்லி மாதிரி, நன்றாக உதவும்.

பிப்ரவரி 7

என் கதை. சிரிக்கலாம்.

பல வருடம் முன்பு என் வீட்டுத் தோட்டத்து மண்ணை உலோகங்களுக்காகக் கொடுத்தேன். பத்து இடம், கலவை, நீங்கள் செய்தது போலத்தான். துத்தநாகம் 410 என்று வந்தது. பக்கத்தில் இருந்த ஒரு சிறு தொழிற்கூடத்தின் மேல் எனக்கு ஏற்கெனவே கோபம். அறிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு சண்டைக்குப் போனேன். அங்கிருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மண்ணை எதில் கலக்கினீர்கள்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

துத்தநாகம் பூசிய இரும்பு வாளியில்.

பேசாமல் திரும்பி வந்தேன். பிளாஸ்டிக் வாளி வாங்கி மறுபடி எடுத்தேன். 80 வந்தது. அன்றிலிருந்து துத்தநாகப் பூச்சுள்ள எதையும் மண் பக்கம் கொண்டுபோவதில்லை. பெயின்ட் அடித்த மண்வெட்டி, பளபளவென்று குரோமியம் பூசிய கரண்டி, பித்தளைக் குழாய் எல்லாம் இதே கதைதான்.

பிப்ரவரி 8

பாத்திரம் பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள்.

உலோகத்துக்குப் பிளாஸ்டிக் பையோ டப்பாவோ போதும், சுத்தமாக இருந்தால். ஆயில், பூச்சிக்கொல்லி, எரித்த குப்பையிலிருந்து வரும் தார் வகைப் பொருள்கள் ஆகியவற்றுக்குக் கண்ணாடி ஜாடி. பழுப்புக் கண்ணாடி நல்லது, வெளிச்சத்தில் சிதையும் பொருள்கள் உண்டு. மூடியின் உள்பக்கம் டெஃப்லான் ஒட்டியிருக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் பெட்ரோல் மண்ணைப் போட்டால் பெட்ரோல் பையின் சுவர் வழியாகவே வெளியேறும், பையிலிருந்து பிளாஸ்டிக்கை மிருதுவாக்கும் பொருள்கள் மண்ணுக்குள் இறங்கும். இரு பக்கமும் நஷ்டம்.

இதில் ஒரு வேடிக்கை. சமீப காலமாகப் பேசப்படும் பிஎஃப்ஏஎஸ், ஒட்டாத பூச்சுகளிலும் தீயணைப்பு நுரையிலும் வரும் அந்தச் சிதையாத பொருள்கள், அவற்றைத் தேடுகிறீர்கள் என்றால் மேலே சொன்னதை மறந்துவிடுங்கள். டெஃப்லான் கூடவே கூடாது, அதுவும் அந்தக் குடும்பத்துச் சரக்குதான். அடர்த்தி பாலிஎதிலீன் அல்லது பாலிபுரோப்பிலீன் டப்பாதான் சரி. தண்ணீர் ஒட்டாத மழைக்கோட்டுப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அங்கே அளக்கிற அளவு கிலோவுக்கு மைக்ரோகிராம், சட்டை மேல் உள்ள பூச்சே கணக்கில் ஏறிவிடும்.

கரண்டி எவர்சில்வராக இருக்கலாமா என்றால், பெரும்பாலானவற்றுக்கு இருக்கலாம். எவர்சில்வரில் ஐந்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் குரோமியம், கூடவே நிக்கல். கல்லும் சரளையுமான மண்ணில் வறட்டு வறட்டென்று சுரண்டிக் குரோமியத்தையும் நிக்கலையும் தேடப் போகிறீர்கள் என்றால் மட்டும் பிளாஸ்டிக் கரண்டிக்கு மாறுங்கள். அல்லது எவர்சில்வரால் வெட்டிவிட்டு, அது தொட்ட பக்கத்தைச் சீவித் தள்ளி, உள்ளே இருப்பதைப் பிளாஸ்டிக்கால் எடுங்கள்.

ஒரு குழிக்கும் அடுத்த குழிக்கும் நடுவில் கழுவுவது யாருக்கும் பிடிக்காத வேலை. பாஸ்பேட் இல்லாத சோப்புத் தூள், பிரஷ், குழாய்த் தண்ணீர், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீர். கையுறையும் குழிக்கு ஒரு ஜோடி. சுத்தமாகத் தெரிகிற இடத்தில் ஆரம்பித்து மோசமான இடத்தில் முடித்தால், கழுவுவதில் கொஞ்சம் அசந்தாலும் சேதம் குறைவு. கழுவிய கரண்டி மேல் காய்ச்சி வடித்த நீரை ஊற்றி, அந்த நீரையே ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்குக் கொடுக்கலாம். அதில் ஈயம் வந்தால், நீங்கள் கழுவிய லட்சணம் தெரிந்துவிடும்.

பிப்ரவரி 8, இரவு

விட்டுப்போனது: பெட்டி மேல் எழுதும் மார்க்கர் பேனா. அதன் மையில் கரைப்பான் இருக்கிறது, மூடி திறந்தாலே மூக்கில் ஏறும் அந்த வாசனை. பெட்ரோல் வகை தேடும் நாளில் அதை வீட்டில் வைத்துவிட்டுப் பென்சிலால் எழுதுங்கள். ஐஸ் தண்ணீரில் ஊறினாலும் பென்சில் எழுத்து அழியாது.

பிப்ரவரி 11

கேட்டவர் பெரியவர் ஒருவரிடம் பேசிவிட்டு வந்து எழுதியிருக்கிறார். மேற்கு மூலையில் பேட்டரி குவியல், நடுவில் ஆயில் ஊற்றிய குழி, கிணற்றடியில் பாகங்களைப் பெட்ரோலில் கழுவியது. அருமை. "கிணற்றடி மண்ணை எடுத்து முகர்ந்து பார்த்தேன், வாசனை இல்லை, அதனால் பெட்ரோல் இல்லை என்று விட்டுவிடலாமா?"

இரண்டு விஷயம். ஒன்று, முகராதீர்கள். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது, அது புற்றுநோய் தரும் பொருள், உங்கள் மூக்கு அளவுக் கருவியும் இல்லை. நான் முகர்ந்ததில்லையா என்றால், முகர்ந்திருக்கிறேன். இந்த வேலை செய்த எல்லோரும் ஒருமுறையாவது முகர்ந்திருப்பார்கள், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இரண்டு, மேல் மண்ணில் வாசனை போயிருக்கும். ஆவியாகும் பொருள் மேலே நிற்காது, கீழே ஈரமாக இறுகிய மண்ணில் பதுங்கியிருக்கும். அதை எடுப்பதுதான் எல்லாவற்றிலும் கடினம். வாளியில் போட்டுக் கலக்கினால் கலக்கும் நேரத்திலேயே பறந்துவிடும். சலிக்கக் கூடாது, உலர்த்தக் கூடாது. முனை வெட்டிய ஊசிக்குழல் மாதிரி ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாயைப் புதிதாக வெட்டிய மண் முகத்தில் செருகி, சுமார் 5 கிராம் எடுத்து, ஆய்வகம் முன்பே எடைபோட்டு மெத்தனால் ஊற்றித் தந்த சிறு புட்டியில் உடனே தள்ளி மூட வேண்டும். மூடும் முன் புட்டியின் கழுத்து மரையில் ஒட்டிய மண் துகளைத் துடைக்க வேண்டும், ஒரு துகள் இருந்தாலும் மூடி சரியாக இறுகாது. இத்தனையும் சில விநாடிகளில். புட்டிகளை ஐஸ் பெட்டியில், 4 டிகிரி அருகில் வையுங்கள், 14 நாள் தாங்கும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும், குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் புட்டிகளை ஒரு இரவுகூட வைக்க வேண்டாம்.

அப்புறம், மண் எடுக்கப் போகும் வண்டியின் பின்னால் பெட்ரோல் கேன் வைத்துக்கொண்டு போகாதீர்கள். வண்டியை ஓடவிட்டபடி பக்கத்தில் நின்றும் எடுக்காதீர்கள்.

பிப்ரவரி 12

நேற்றைய 14 நாள் மெத்தனாலில் போட்டதற்கு மட்டும். மெத்தனால் இல்லாமல், காற்றுப் புகாத குழாயில் மண்ணை அப்படியே அடைத்து அனுப்பினால் 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் அதை எடுத்துப் பதப்படுத்தியாக வேண்டும். நான் இரண்டையும் ஒன்றாக்கி எழுதிவிட்டேன், ஒருவர் சுட்டிக்காட்டினார், நன்றி. வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கள்கிழமை கொண்டுபோகும் திட்டம் இதற்கு ஆகாது.

மற்றவற்றின் கெடுவையும் சொல்லிவிடுகிறேன். பூச்சிக்கொல்லி, தார் வகை 14 நாளுக்குள் கரைத்தெடுக்கப்பட வேண்டும். பாதரசம் 28 நாள். மற்ற உலோகங்கள் 6 மாதம் வரை. ஈயம் எங்கும் ஓடிப்போகாது. பாதரசம் மட்டும் ஓடும், அதனால் அந்த மண்ணை அடுப்பில் உலர்த்தக் கூடாது.

பிப்ரவரி 15

வாளிக் கதையில் எனக்கே ஒரு உறுத்தல். இத்தனை வருடம் அந்தக் கதையைப் பத்துப் பேரிடமாவது சொல்லியிருப்பேன். நேற்று இரவு தூக்கம் வராமல் ஒரு கணக்குப் போட்டேன்.

410-க்கும் 80-க்கும் வித்தியாசம் 330. நான் கலக்கியது ஏறக்குறைய 4 கிலோ மண். அப்படியென்றால் வாளியிலிருந்து 1,320 மில்லிகிராம், அதாவது ஒரு கிராமுக்கு மேல் துத்தநாகம் மண்ணில் இறங்கியிருக்க வேண்டும். ஐந்து நிமிடம் கையால் கிளறியதில். வாளியை அரம் வைத்து ராவியிருந்தால் சரி. வாளி கொஞ்சம் கொடுத்திருக்கலாம், இவ்வளவு கொடுத்திருக்காது.

இரண்டாம் முறை எடுத்தபோது வாளியை மட்டுமா மாற்றினேன்? யோசித்தால் இடத்தையும் மாற்றியிருக்கிறேன். முதல் முறை பத்தில் மூன்று குழி கொட்டகையின் தகரக் கூரை ஓரத்தில். இரண்டாம் முறை செடிக்கு நடுவில் நல்ல மண்ணாகப் பார்த்து எடுத்தேன். அந்தத் தகரமும் துத்தநாகம் பூசியதுதான், மழைத் தண்ணீர் வருடக்கணக்காக அதைக் கரைத்து அந்த ஓரத்தில்தான் சொட்டுகிறது.

கணக்கு இன்னும் நெருங்குகிறது. ஏழு குழியில் 80, மூன்றில் கூரைத் துத்தநாகம், சராசரி 410 என்றால் அந்த மூன்றிலும் 1,180 இருந்திருக்க வேண்டும். கூரை ஓரத்துக்கு நம்பக்கூடிய எண்தான். கொட்டகை இன்னும் நிற்கிறது. எடுத்துப் பார்க்கப் போகிறேன்.

வாளியிடம் மன்னிப்புக் கேட்கும் நிலை வந்தாலும் வரும். இரும்பு வாளியில் கலக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை.

பிப்ரவரி 20

எவ்வளவு ஆழம்? யாருக்காக என்பதைப் பொறுத்தது. குழந்தை கையில் ஒட்டுவது மேல் மண், முதல் 2 முதல் 5 செ.மீ. போதும். காய்கறி வேருக்கு 15, ஆழ வேர் என்றால் 30. ஆயில் குழிக்கு, கறுப்பு நிறம் போய் நல்ல மண் தெரியும் வரை இறங்கி அந்த எல்லைக்குக் கீழேயும் ஒன்று எடுங்கள், எங்கே முடிகிறது என்று தெரிய வேண்டும். 5 செ.மீ. மண்ணையும் 30 செ.மீ. மண்ணையும் ஒரே பையில் போடாதீர்கள். மேலே இருக்கும் ஈயத்தைக் கீழே இருக்கும் சுத்த மண்ணால் நீர்த்துப்போகச் செய்வதற்குத்தான் அது உதவும்.

ஈயம் நகராது. களியிலும் மக்கிலும் ஒட்டிக்கொண்டு மேல் சில அங்குலத்தில் அப்படியே நிற்கும். ஈயம் கலந்த பெட்ரோலை வாகனங்களுக்கு விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021-ல் அதை நிறுத்தியது, உலகமே விட்டுவிட்டது. பழைய சாலையோர மண்ணில் அந்தக் காலத்து ஈயம் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. உழுது புரட்டிய மண் என்றால் மட்டும் கீழே போயிருக்கும்.

ஈயத்துக்கு இன்னொன்று: ஆய்வகத்தில் எந்தச் சல்லடையில் சலிப்பார்கள் என்று கேளுங்கள். வழக்கமான 2 மி.மீ. சல்லடை ஒன்று. குழந்தையின் கையில் ஒட்டுவது நுண்துகள் என்பதால் 150 மைக்ரானில் சலித்துப் பார்க்கவும் அமெரிக்க முகமை 2016 முதல் சொல்கிறது. நுண்துகளில் ஈயம் பெரும்பாலும் கூடுதல், எண்ணும் கூடும். இரண்டு அறிக்கையை ஒப்பிடும்போது சல்லடை ஒன்றுதானா என்று முதலில் பாருங்கள்.

மார்ச் 2

"துப்பாக்கி மாதிரி ஒரு கருவி இருக்கிறதே, மண்ணில் வைத்து அழுத்தினால் எண் வரும், இத்தனை கூத்து எதற்கு?"

எக்ஸ்ஆர்எஃப். நல்ல கருவி, எனக்குப் பிடிக்கும். ஒரு காலைக்குள் ஐம்பது இடத்தில் ஈயம் பார்த்துவிடலாம், எங்கே குழி வெட்டுவது என்று முடிவுசெய்ய அதைவிட நல்லது இல்லை. ஆனால் மண் சொதசொதவென்று இருந்தால் எண் குறைந்து காட்டும். ஈயம் அதிகமுள்ள இடத்தில் ஆர்சனிக்கை நம்ப முடியாது, இரண்டும் வெளிவிடும் எக்ஸ் கதிர்கள் ஏறக்குறைய ஒரே ஆற்றலில், 10.5 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கத்தில், ஒன்றின் மேல் ஒன்று விழும். ஆயில், பூச்சிக்கொல்லி எதுவும் அதற்குத் தெரியாது.

மார்ச் 16

கேட்டவருக்கு அறிக்கை வந்துவிட்டது. மொத்தம் ஆறு இடம், அதில் பேட்டரி மூலையில் மட்டும் இரண்டு ஜாடி, இரண்டாவதற்கு வேறு எண் போட்டு ஆய்வகத்துக்குத் தெரியாமல் கொடுத்தார். அந்த யோசனை என்னுடையது.

பேட்டரி மூலை: ஈயம் 610. அதே குழி, அதே மண், இரண்டாவது ஜாடி: 390. "ஆய்வகம் ஏமாற்றுகிறது" என்று கோபமாக எழுதியிருக்கிறார்.

ஏமாற்றவில்லை. நீங்கள் அனுப்பிய அரைக் கிலோவில் அமிலத்தில் போட்டது ஒரு கிராம் அளவுதான். ஈயம் சர்க்கரை கரைந்த மாதிரி மண்ணில் பரவியிருக்காது, துணுக்காகக் கிடக்கும். 1 மில்லிகிராம் எடையுள்ள பழைய பெயின்ட் செதில், அதில் பத்தில் ஒரு பங்கு ஈயம் என்று வையுங்கள். அந்த ஒரு செதில் அந்த ஒரு கிராம் மண்ணுக்குள் விழுந்தால் முடிவு 100 கூடும், விழாவிட்டால் கூடாது. பேட்டரித் தகட்டுத் துகள் என்றால் இன்னும் மோசம். பியர் ஜீ என்ற பிரெஞ்சுக்காரர் சுரங்கத் தாதுவுக்காகக் கடந்த நூற்றாண்டின் நடுவில் இதற்கென்றே ஒரு கோட்பாடு எழுதினார்: துகள் எவ்வளவு பெரிதோ, எடுக்கும் மண் எவ்வளவு குறைவோ, பிழை அவ்வளவு அதிகம். சலித்து, அரைத்து, அப்புறம் எடுத்தால் குறையும்.

610-ஓ 390-ஓ, இரண்டுமே 200-க்கு மேல். கனடாவின் குடியிருப்பு அளவு 140, அதற்கும் மேல். உங்கள் முடிவு மாறப்போவதில்லை. ஒன்று 610, இன்னொன்று 120 என்று வந்திருந்தால்தான் மறுபடி குழி வெட்ட வேண்டியிருக்கும்.

மார்ச் 16, பிறகு

அதே அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் 500 என்றும் இருக்கிறதே என்கிறார். அது ஈர எடைக்கு. உங்கள் மண்ணில் 18 சதவீதம் தண்ணீர். 500-ஐ 0.82-ஆல் வகுத்தால் 610. வரம்புகள் பொதுவாக உலர் எடைக்குத்தான், அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

குப்பை எரித்த மூலையில் பென்சோபைரீன் என்ற தார் வகைப் பொருள் "கண்டறியப்படவில்லை" என்று போட்டிருக்கிறது, பக்கத்தில் சிறிய எழுத்தில் 0.33. அந்தச் சிறிய எழுத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும். 0.33-க்குக் கீழே இருந்தால் எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள். அந்தப் பொருளுக்கு அமெரிக்க முகமை குடியிருப்பு மண்ணில் வைத்திருக்கும் முதல்கட்ட அளவு 0.11. ஆக அந்த வரி உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லை. மண் கொடுக்கும் முன்பே "உங்கள் கீழ் எல்லை எவ்வளவு" என்று கேட்கச் சொல்லியிருக்க வேண்டும், சொல்ல மறந்தது என் தப்பு.

கிணற்றடிப் புட்டிகளில் பென்சீன் இல்லை, அங்கே கீழ் எல்லையும் போதுமான அளவு சிறியது. அது நல்ல செய்திதான், கொண்டாடலாம்.

மார்ச் 19

ஆர்சனிக் 9 என்று பார்த்துப் பயந்தவருக்கு: பட்டறைக்குச் சம்பந்தமே இல்லாத, அதே வகை மண் உள்ள இடத்தில் இரண்டு மூன்று எடுத்துப் பாருங்கள். அங்கேயும் 8, 10 என்று வந்தால் அது பாறையிலிருந்து வந்த ஆர்சனிக். மண்ணில் அது இயல்பாகவே இருக்கும். இந்த ஒப்பீட்டு மண்ணை முதல் நாளே எடுத்திருந்தால் ஒரு வாரத் தூக்கம் மிச்சம்.

மார்ச் 29

கொட்டகை முடிவு வந்தது. கூரை ஓரம், பிளாஸ்டிக் கரண்டி, பிளாஸ்டிக் வாளி, மூன்று குழி: 1,090, 1,240, 960. கூரையிலிருந்து நான்கு அடி தள்ளி: 95.

அந்தத் தொழிற்கூடத்துக்காரர் கேட்டது நல்ல கேள்வி, பதில்தான் வேறாக இருந்திருக்கிறது. வாளி, கூரை இரண்டும் என்னுடையவை என்பதால் சண்டைக்குப் போன விஷயத்தில் மாற்றம் எதுவும் இல்லை. வாளி துருப்பிடித்து எப்போதோ போய்விட்டது.

ஏப்ரல் 6

கேட்டவர் பேட்டரி மூலையைச் சுற்றி இன்னும் எட்டு இடத்தில் எடுக்கப் போகிறார், எங்கே 200-க்குக் கீழே இறங்குகிறது என்று பார்க்க. அதுவரை அந்த மூலையைச் சாக்கு போட்டு மூடி, குழந்தையைக் கிழக்குப் பக்கம் மாற்றிவிட்டார். காய்கறியும் அங்கேதான். முதல் நாள் கட்டிவைத்த அந்த அரைக் கிலோப் பை என்ன ஆனது என்று கேட்டேன், இன்னும் அலமாரியில் இருக்கிறதாம். பத்துக் குழியும் கலந்த மண் அது, பேட்டரி மூலையும் அதில் இருக்கும். பூந்தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

கடைசிக் கேள்வி, எடுத்தபின் குழியை என்ன செய்வது. வெட்டிய மண்ணை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் ஆழ வரிசைப்படி குவித்து வையுங்கள், கீழ் மண்ணை முதலில் போட்டு மேல் மண்ணைக் கடைசியில் போட்டு மிதித்து மூடுங்கள். ஆயில் குழி மண்ணைக் கொண்டுபோய் வேறு குழியில் போடாதீர்கள். மூடிய இடத்தில் ஒரு குச்சி நட்டு எண் கட்டுங்கள், படத்திலும் அதே எண், சுவரிலிருந்து டேப் வைத்து அளந்த தூரம். நான் கொட்டகைக்குப் பின்னால் இரண்டாவது குழியை மூட மறந்து மறுநாள் இருட்டில் அதிலேயே காலை விட்டேன். வீக்கம் இன்னும் வடியவில்லை, அதனால்தான் இந்த வாரம் பதில்கள் தாமதம்.